அறுவடை இயந்திரத்தின் திருத்த நேரம் பிழையாகக் கணக்கிடப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

முரசுமோட்டை,
கிளிநொச்சி.

முகாமையாளர்,
விற்பனைக்குப் பிந்திய சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் வாங்கிய நெல் அறுவடை இயந்திரம், காலபோக அறுவடை மும்முரமாக நடந்த பெப்ரவரி 11 ஆம் திகதி காலை 7.30 மணிக்கு, ஹைட்ரோலிக் பம்ப் பழுதாகி வயல் நடுவே நின்றது. உடனேயே அறிவித்தேன். தொழில்நுட்பவியலாளர் 13 ஆம் திகதி பிற்பகல் 2 மணிக்கு வந்து, 5 மணிக்கு வேலையை முடித்தார். இயந்திரம் ஓடாமல் கிடந்தது ஐம்பத்தேழரை மணித்தியாலம். தங்கள் சேவை அறிக்கையிலோ "திருத்த நேரம் 3 மணித்தியாலம்" என்றிருக்கிறது. கொழும்பிலிருந்து பம்ப் வரும்வரை நான் காத்திருந்த நேரம் எந்தக் கணக்கில் சேர்ந்தது? கருவிப் பெட்டியைத் திறந்ததிலிருந்து மூடும்வரையான நேரம் உங்கள் ஊழியரின் கைவேகத்தைக் காட்டலாம். எனக்கு வேண்டியது, இயந்திரம் நின்றதிலிருந்து மீண்டும் ஓடும்வரையான நேரம்.

இதைக் கேட்க வேலையை விட்டு வவுனியாக் கிளைக்குப் போனேன். அங்கிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அறிக்கையில முடிஞ்சதெண்டு கிடக்கு, ஓட்டத் தெரியாட்டி மெசின் ஏன் வாங்கினீங்கள்?" என்றார். இருபது வருடமாக வயலில் இயந்திரம் ஓட்டுகிறேன் ஐயா. அந்த வார்த்தையை நான் மறக்கப் போவதில்லை.

நான் போனதற்கு இன்னொரு காரணம், 15 ஆம் திகதி அதே பம்பில் மறுபடியும் எண்ணெய் கசிந்தது. அதைப் புதிய முறைப்பாடாகப் பதிந்து, 1 மணித்தியாலத்தில் திருத்தியதாக எழுதி, சராசரி 2 மணித்தியாலம் என்கிறீர்கள். ஒரே பழுது இரண்டு தரம் வந்ததால் சராசரி குறைந்துவிட்டது! ஒரு பழுதுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இயந்திரத்தின் தரம் விளங்கும் என்பது, அதை விற்கும் தங்களுக்குத் தெரியாததல்ல.

முற்றிய கதிர் உதிர்ந்து, இந்தப் போகமே எனக்கு இல்லாமற் போயிற்று.

தயவுசெய்து இரு அறிக்கைகளையும் திருத்தி, பம்பை உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தந்து, அறுவடைக் காலத்தில் முக்கிய உதிரிப்பாகங்களை வவுனியாவிலேயே வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அழைப்புப் பதிவுகளுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்