தாமதத்துக்குக் காரணம் மரப்பட்டை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும்) பலகைக்கு முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். வந்திறங்கிய லோடை நாங்கள்தான் திருப்பி அனுப்பினோம். அறுத்த விளிம்பில் எள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருந்தன. எங்கள் ஆசாரி நான்கு கதவுக்குப் பள்ளம் எடுப்பதற்குள் புது ரூட்டர் பிட் (பள்ளம் எடுக்கும் எந்திரத்தின் அலகு) மழுங்கிவிட்டது. புள்ளியாகத் தெரிந்தது மரப்பட்டை; பிட்டைத் தின்றது பட்டையோடு வந்த மணல்.

"மரத்தூளை ஒட்டிச் செய்வதுதானே?" என்று பலர் கேட்கிறீர்கள். தூளில் நார் நறுக்குண்டு குட்டையாகிவிடும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. நல்ல பலகைக்கு உருட்டுக்கட்டைதான் வேண்டும். தைலமரம், சவுக்கு, பால் வற்றிய ரப்பர் மரம் எல்லாம் ஆகும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டுவிட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும் என்பதால் உடனே ஆலைக்குப் போயாக வேண்டும்.

அங்கே பட்டையை உரித்து, கட்டையைத் தீப்பெட்டியைவிடச் சிறிய சில்லுகளாகச் சீவுகிறார்கள். சல்லடையில் தூளும் தடித்த துண்டும் கழிந்துவிடும். மிஞ்சிய சில்லைத் தண்ணீரில் அலசுவார்கள். நம் வீட்டில் அரிசி களைவதுபோல, கல்லும் மணலும் அடியில் தங்கிவிடும். செலவு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இந்த உரிப்பிலும் அலசலிலும்தான்.

பிறகு, ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி நீராவியில் சில்லு சில நிமிடம் வேகும். நாரோடு நாரைப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். அந்த நிலையில் வரிவெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே அரைத்தால் நார் முறியாமல் பிரிகிறது. 1930களில் சுவீடனில் ஆர்னே ஆஸ்ப்லுண்ட் உருவாக்கிய முறை இது. மெழுகும் பிசினும் சேர்த்து உலர்த்திய நாரை உள்ளங்கையில் எடுத்தால் இலவம் பஞ்சுபோல இருக்கும். ஓர் அடிக்கும் மேல் பரப்பிய அந்தப் பஞ்சுதான் சூட்டில் அழுந்தி 18 மி.மீ. பலகையாகிறது.

புதிய லோடு அடுத்த வாரம் வருகிறது. எம்.டி.எஃப். பலகைக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 12406 இருந்தாலும் ஒரு பலகையை உங்கள் கண்முன்னே அறுத்து, விளிம்பைக் காட்டிய பிறகே ஏற்றுவோம். முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

அன்புடன்,
கடை நிர்வாகம்