கால் மணி நேர ஆன்ம ஆய்வு

அன்புள்ள அந்தோணிக்கு,

இயேசுவுக்குப் புகழ். கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இரவில் ஆன்ம ஆய்வு, அதாவது கடவுள் முன்னிலையில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம், தொடங்கியதாகவும், நாலே நாளில் அது பாவப் பட்டியலாகிவிட்டதாகவும், பாதியில் தூக்கம் வருவதாகவும் எழுதியிருந்தாய்.

தூக்கத்துக்கு மருந்து சுலபம். படுக்கையில் செய்யாதே. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார். கால் மணி நேரம் போதும். புனித இஞ்ஞாசியார் நிறுவிய சேசு சபை என்ற துறவற சபையில் நண்பகலிலும் இரவிலுமாக இரண்டு வேளை செய்வது வழக்கம். அதனால் மதியத்துக்கு மாற்றினாலும் தப்பில்லை.

பட்டியல் விஷயம்தான் பெரிது. குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்த பழக்கத்தில் நேரே குற்றத்துக்குப் போய்விடுகிறோம். இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் 43-ஆம் எண்ணில் முதலில் வைத்திருப்பது நன்றி. அடுத்து, உள்ளதை உள்ளபடி காண அருள் கேட்பது. மூன்றாவதாகத்தான் எழுந்தது முதல் இந்த நேரம் வரை மணிவாரியாகப் பார்ப்பது. பிறகு மன்னிப்பு, திருந்தும் தீர்மானம், கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரலோக மந்திரம். நீ முதல் இரண்டையும் தாண்டிக் குதிக்கிறாய். செபம் கணக்குப்பிள்ளை வேலையாகாமல் என்ன செய்யும்?

நன்றிக்கு மூன்று நிமிடமாவது கொடு. ‘எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே’ என்று மொத்தமாகச் சொன்னால் செல்லாது. கேட்காமலே வந்த காபி, பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்த பையன் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

மூன்றாம் படியில், செய்ததோடு நிற்காமல் மனம் அசைந்த இடத்தையும் பார். பத்தரை மணிக்கு ஒரு போன் வந்தது, நெஞ்சு இறுகியது என்று வை. எந்தச் சொல்லில் இறுகியது? எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாய்? அங்கேயே நின்று ஆண்டவரிடம் பேசு, மீதி நாள் கிடக்கட்டும். 1521-ல் ஸ்பெயினில் பாம்ப்லோனா சண்டையில் கால் உடைந்து, சொந்த ஊரான லொயோலாவில் படுத்துக் கிடந்தபோது இஞ்ஞாசியார் கவனித்தது இப்படித்தான். வீரதீரக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்தன, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் கனவோ முடிந்த பிறகும் நிறைவு தந்தது. ஆகவே பிறகு மிஞ்சுவதைப் பார். மனம் கடவுள் பக்கம் இழுக்கப்படுவதைத்தான் அவர் ஆறுதல் என்கிறார், அதைக் குஷி என்று நினைத்துவிடாதே. பாவத்துக்காக அழும் கண்ணீரையும் அவர் ஆறுதலில்தான் சேர்க்கிறார்.

ஒரே குற்றம் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குத் தனி ஆய்வு இருக்கிறது. தாளில் நாளுக்கு இரண்டு கோடு போடு, ஒன்று மதியம் வரை, மற்றது இரவு வரை. விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆய்வில் உட்காரும்போது, விழுந்த தடவைக்கு ஒரு புள்ளி வீதம் கோட்டில் வை. ஒரு சமயத்தில் ஒரு குற்றம் மட்டும்தான்! மூன்றைச் சேர்த்து எடுத்தால் மூன்றும் போகாது. புள்ளி கூடினால் உடைந்துபோகவும் வேண்டாம். மன்ரேசா என்ற ஊரில் இருந்தபோது பழைய பாவங்களைக் கிளறிக் கிளறி, உயிரை விடலாமா என்ற எண்ணம் வரை போய் மீண்டவர் இஞ்ஞாசியார்.

செபத்தில் சுவையே இல்லாமல் வறட்சி வரும் நாட்களில் நேரத்தைக் குறைக்காதே, இரண்டு நிமிடம் கூட்டு. அந்த இருட்டில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றவும் கூடாது (அதே நூலில் 318-ஆம் எண்). வேலையை விடுவது, உறவை முறிப்பது எல்லாம் அப்போதுதான் நியாயமாகத் தோன்றும்.

நீண்ட தியானத்துக்கு நேரமில்லை என்ற உன் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. படிப்பில் இருந்த தம் சபை மாணவர்களையே இஞ்ஞாசியார் நீண்ட தியானத்துக்கு இழுக்கவில்லை. பேச்சிலும் நடையிலும், பார்ப்பதிலும் சுவைப்பதிலும் கேட்பதிலும் கடவுளைத் தேடச் சொல்லி 1551-ல் எழுதினார்.

முடித்ததும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுது, ஒரு வாரத்துக்கு. அதை எனக்கு அனுப்ப வேண்டாம். ஏழில் எத்தனை நாள் தூங்கினாய் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்