எந்த மலைக்கு எந்தச் சைக்கிள்: வன்கூவரில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு சைக்கிள்களின் விபரங்களையும் இரண்டு இரவுகள் ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஒன்று 11 கிலோ எடையும், முன்னும் பின்னும் 120 மில்லிமீற்றர் சஸ்பென்ஷனும் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) கொண்ட, மிதித்து ஓடுவதற்கான குரொஸ் கன்ட்ரி மலைச்சைக்கிள். மற்றது 15 கிலோ எடையும், முன்னால் 160, பின்னால் 150 மில்லிமீற்றரும் கொண்ட, கரடுமுரடான இறக்கங்களுக்கான ஓல் மவுன்டன். தொலைபேசியில் நீ கேட்டவுடனே யோசிக்காமல் முதலாவதை எடு என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது பிழை. காசு கட்டுவதற்கு முன்னர் அதற்கான காரணம் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் பேசியது ரொறன்ரோவை மனத்தில் வைத்து. டொன் பள்ளத்தாக்கில், குரொதர்ஸ் வூட்ஸ் ஒற்றையடிப் பாதைகளில், பின் சஸ்பென்ஷன் இல்லாத அந்தப் பழைய சைக்கிளில் நீ என் பின்னால் வந்த நாட்கள் எனக்கு மறக்கவில்லை. அங்கே ஏற்றமும் இறக்கமும் சில பத்து மீற்றர்தான்; இறங்கி முடிப்பதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். ஓட்டத்தில் பெரும்பகுதி பெடல் மிதிப்பதிலேயே போகும் இடத்துக்குப் பாரம் குறைந்த, மிதிக்கும் பலத்தை வீணாக்காத குரொஸ் கன்ட்ரி சைக்கிளைவிடப் பொருத்தமானது இல்லை. நீ இன்னமும் இங்கே இருந்திருந்தால், அல்லது 2015ஆம் ஆண்டு பான் அமெரிக்கன் மலைச்சைக்கிள் போட்டி நடந்த, பாரி நகருக்கு அருகிலுள்ள ஹார்ட்வூட் போன்ற இடங்களில் வாராவாரம் ஓடுவதாக இருந்திருந்தால், என் முதல் பதிலை மாற்றியிருக்க மாட்டேன்.

ஆனால் நீ ஓடப்போவது வட வன்கூவரின் ஃபுரோம் மலையில். கடந்த வைகாசியில் உன்னிடம் வந்தபோது, பாரமில்லாததே வேண்டும் என்று நானே கேட்டு வாடகைக்கு எடுத்த குரொஸ் கன்ட்ரி சைக்கிளில் மவுன்டன் ஹைவே சரளைப் பாதையால் உன்னை முந்திக்கொண்டு ஏறியது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் நிலைமை மாறியது. மழையில் நனைந்த வேர்கள் படிக்கட்டுப்போல ஒன்றின்கீழ் ஒன்றாக வந்த அந்தச் சரிவில், முன்சில்லு இரண்டு வேர்களுக்கு நடுவே இறங்கி நின்றுவிட, நான் ஹான்டிலுக்கு மேலாகப் போய் விழுந்தேன். தோள் நோவு ஆறு வாரம் இருந்தது என்பதை உனக்குச் சொல்லவில்லை. அதே இடத்தால், நண்பரிடம் வாங்கிய ஓல் மவுன்டன் சைக்கிளில் நீ நின்று நிதானித்து இறங்கி வந்ததை நான் கீழே இருந்து பார்த்தேன். உன் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு சைக்கிளுடையது.

எல்லோரும் முதலில் சஸ்பென்ஷன் அளவைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானது ஹான்டிலைத் தாங்கும் குழாய் நிலத்தோடு அமைக்கும் கோணம் என்பது என் எண்ணம். நீ அனுப்பிய குரொஸ் கன்ட்ரியில் அது 67 பாகை, ஓல் மவுன்டனில் 64. இந்த மூன்று பாகைச் சாய்வால் முன்சில்லு உன் உடம்பிலிருந்து இன்னும் முன்னுக்குத் தள்ளி நிற்கிறது. ஆகவே சரிவில் சில்லு எதிலாவது முட்டினாலும் உன் பாரம் அதைத் தாண்டி முன்னால் விழுவதற்கு நேரம் எடுக்கும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. யாழ்ப்பாணத்தில் உன் அப்பப்பா ஓடிய ரலி சைக்கிளின் முன்குழாயும் சாய்ந்ததுதான். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் நெல் மூட்டையும் விறகும் நோயாளரும் அந்தச் சைக்கிள்களில்தான் போனார்கள். குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் அவ்வளவு பாரத்தோடும் அது நேராகப் போனதற்குச் சாய்ந்த அந்த முன்பக்கமும் ஒரு காரணம். சாய்வு கூடினால் செங்குத்தான ஏற்றத்தில், மெதுவாகப் போகும்போது முன்சில்லு அலையும் என்பது உண்மை. அதற்காகத்தான் இப்போதைய ஓல் மவுன்டன்களில் ஆசனக் குழாயை 77 பாகை அளவுக்கு நிமிர்த்தி, ஏறும்போது உன் இடுப்பை முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அடுத்தது பிரேக். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1976இல் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் திருத்தி, ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தை மூன்றரைக் கிலோமீற்றருக்குள் இறங்கும் மண்பாதையில் போட்டி வைத்தார்கள். பின்சில்லின் அச்சுக்குள் இருந்த பிரேக் சூடேறி, அதிலிருந்த கிறீஸ் புகையாகிப் போய்விடும். ஓட்டம் முடிந்ததும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபாக்’ (திரும்ப அடைத்தல்) என்று பெயர் வந்தது. ஃபுரோமில் நீ ஒரு தடவையில் இறங்குவதும் சில நூறு மீற்றர் உயரம்தான். அந்தச் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். குரொஸ் கன்ட்ரியில் இருப்பது பிரேக் கட்டையை இரண்டு பிஸ்டன் அழுத்தும் பிரேக்கும் 160 மில்லிமீற்றர் டிஸ்க்கும். மற்றதில் நான்கு பிஸ்டனும் 200 மில்லிமீற்றர் டிஸ்க்கும் இருக்கின்றன. கை சோர்ந்துபோன கடைசி வளைவில் ஒரு விரலால் சைக்கிளை நிறுத்த முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

பாரத்தைப் பற்றி நீ கவலைப்பட்டு எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் எடை 60 கிலோ. சைக்கிளோடு ஒன்றில் 71, மற்றதில் 75. வித்தியாசம் மொத்தத்தில் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. குரொஸ் கன்ட்ரியில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் ஏற்றத்துக்கு அதனால் மூன்று, நான்கு நிமிடம் கூடலாம். ஆனால் பாரத்தைவிட ரயர்தான் உன்னைப் பின்னுக்கு இழுக்கும், ஏனென்றால் ஈர வேரைப் பிடிக்கும் மென்மையான ரப்பர் சரளைப் பாதையில் ஒட்டிக்கொண்டே உருளும். களைப்பாகத்தான் இருக்கும். அந்தக் களைப்பு எனக்குச் சம்மதம். நான் விழுந்ததுபோல நீ விழுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே ஓல் மவுன்டனையே எடு. ஆனால் கடைக்காரர் 170 மில்லிமீற்றர் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளையும் காட்டுவார் என்று நினைக்கிறேன், அதற்குப் போகாதே. அது விஸ்லர் மலைப் பூங்காவில் தூக்கியில் ஏறி நாள் முழுவதும் இறங்குபவர்களுக்கு நல்லது. நீ வேலை முடிந்து வந்து, பெடல் மிதித்து ஏறி, பொப்ஸ்லெட் போன்ற இலகுவான தடத்தில் இறங்கும் மாலைகளே கூட இருக்கும், அங்கே அவ்வளவு பெரிய சைக்கிள் மந்தமாகத் தெரியும். மிச்சப்படும் காசுக்கு நல்ல முழங்கால் கவசமும் முன்சில்லுக்கு நல்ல ரயரும் வாங்கலாம். காபன் சட்டத்துக்கும் ஆசைப்பட வேண்டாம், அலுமினியம் போதும்.

வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, ஈரமான நாளில், உனக்குப் பழக்கமான தடத்தில் ஓடிப் பார். கடை முற்றத்தில் நான்கு சுற்று ஓடிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஆசனத்தை இறக்கும் டிரொப்பர் போஸ்டை முழுவதும் இறக்கினால் உன் கால்களுக்கு இடையில் சைக்கிள் தாராளமாக அசைகிறதா என்று கவனி. உன் உயரத்துக்கு அது குறைந்தது 150 மில்லிமீற்றர் இறங்க வேண்டும்.

சைக்கிள் வந்ததும் சஸ்பென்ஷனைக் கடையில் வைத்த அளவிலேயே விட்டுவிடாதே. தண்ணீர்ப் பை, தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி நின்றால், பின் ஷொக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையம் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அள. ஷொக்கின் ஓட்டம் 60 மில்லிமீற்றர் என்றால் வளையம் 18 மில்லிமீற்றர் நகர வேண்டும். ரயருக்கு முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்துத் தொடங்கி, பிறகு உன் கைக்குப் பிடித்தபடி மாற்று. அளந்த எண்களை எனக்கு அனுப்பு. பழைய சைக்கிளை விற்கவில்லை. செயின் மாற்றி வைத்திருக்கிறேன், மார்கழியில் நீ வரும்போது தரை உறைந்து கெட்டியாக இருந்தால் டொன் பள்ளத்தாக்குக்கு அது போதும்.

அன்புடன்,
அப்பா