பேய்க்கு டிக்கெட் எடுத்த கதை

எடின்பரோ
நவம்பர் 3

அன்புள்ள கனகு,

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் மனசு நிம்மதியாச்சு. பிசியோதெரபி பையனைத் திட்டாதே. ஆஸ்பத்திரி வார்டில் நாம் எத்தனை பேரை அழ வைத்து நடக்க விட்டிருக்கிறோம், இப்போது நம் முறை. சின்னவளுக்கு வரன் அமைந்ததும் ரொம்பச் சந்தோஷம். தை மாதம் தேதி வைத்தால் நான் வந்துவிடுவேன், அதற்கு முன்னால் வைத்தால் உன்னோடு பேச மாட்டேன்.

இங்கே செந்தில், மருமகள், பேத்தி எல்லோரும் சுகம். சாயந்திரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. நம்மூரில் அந்த நேரத்துக்குத்தான் காப்பியே போடுவோம். அப்படியே உட்கார்ந்திருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று மருமகள் நினைத்தாளோ என்னவோ, போன 31ஆம் தேதி ராத்திரி என்னைக் 'கோஸ்ட் வாக்'குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பழைய ஊருக்குள் ஒரு கைடு நம்மைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பேய்க்கதை சொல்வார். அதற்கு டிக்கெட். "நம்ம ஊர்ல சும்மாவே பிடிக்குமேம்மா, இதுக்கா காசு?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மெர்காட் கிராஸ் என்று ஒரு கல்தூண். அந்தக் காலத்தில் ராஜ அறிவிப்பெல்லாம் அங்கே நின்றுதான் வாசிப்பார்களாம். அங்கேதான் கூடினோம். கைடு இருபத்து நாலு, இருபத்தைந்து வயசுப் பெண். கால்வரை கறுப்பு அங்கி, குரல் மட்டும் கணீரென்று மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிறது. சந்தையில் ஏமாற்றியவன் காதைக் கம்பத்தில் வைத்து ஆணி அடித்த கதையோடு ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். கோட்டையிலிருந்து அரண்மனை வரை ஒரே நீளத் தெரு, மலைமுதுகின் மேலே. அதன் ரெண்டு பக்கமும் சந்துகள் சரசரவென்று இறங்குகின்றன. 'குளோஸ்' என்கிறார்கள். மதில் சூழ்ந்த ஊர், விரிய இடமில்லை, அதனால் வீடுகளை மேலே மேலே அடுக்கியிருக்கிறார்கள். பணக்காரனும் ஏழையும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மேரி கிங்ஸ் குளோஸ் என்று ஒரு சந்து, 1645 பிளேக்கில் பெரும் சாவு கண்டது. நூறு வருஷம் கழித்து அதன் மேல் பகுதியை இடித்து, கீழ்ப்பகுதியையே அஸ்திவாரமாக்கி, மேலே ஒரு பெரிய கட்டடம் எழுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நகராட்சி அலுவலகம் அதுதான். உள்ளே போகத் தனி டிக்கெட்டாம். நாங்கள் போகவில்லை.

நாங்கள் இறங்கியது சவுத் பிரிட்ஜுக்கு அடியில். அது பாலம் என்று சொன்னால்தான் தெரியும். 19 வளைவுகள் உள்ள பாலத்தை 1788இல் திறந்து, ரெண்டு பக்கமும் கடைகளைக் கட்டி மூடிவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு வளைவுதான் வெளியே தெரிகிறது. மற்ற வளைவுகளுக்குள் அறை அறையாகத் தடுத்துப் பண்டசாலை, செருப்புத் தைக்கும் இடம், சாராயக்கடை என்று விட்டிருக்கிறார்கள். மேல்தளம் சரியாகப் பூசாததால் தண்ணீர் ஒழுகி, வியாபாரிகள் காலி பண்ணிப் போக, வேறு போக்கிடம் இல்லாத ஜனங்கள் வந்து குடியேறினார்கள். ஜன்னல் கிடையாது, கக்கூஸ் கிடையாது. கைடு மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தபோது சுவரில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்புக் கறை தெரிந்தது. மீன் எண்ணெய் விளக்கின் புகை என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். கல் வேர்த்துக்கிடந்தது.

அங்கே பூட்ஸ் காலோடு நடக்கிற ஒரு பேய் உண்டாம். நமக்குக் கேட்கவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னாள், அதுதான் எனக்குப் பிடித்தது. 2001இல் ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருநூறு பேருக்கு மேல் இந்த அறைகளுக்குள் அனுப்பி, என்ன தோன்றியது என்று எழுதச் சொல்லியிருக்கிறார். எந்த அறைக்குப் பேய் என்று பெயர் உண்டு என அவர்களுக்குச் சொல்லவில்லை. இருந்தும் அந்தப் பெயர் பெற்ற அறைகளில்தான் அதிகம் பேருக்கு 'யாரோ நிற்கிற மாதிரி', 'குளிர்ந்த மாதிரி' இருந்திருக்கிறது. உடனே பேய் நிச்சயம் என்று குதிக்காதே. வெளிச்சம், கூரை உயரம் எல்லாம் அளந்து பார்த்தால், அந்த அறைகளே மற்ற அறைகளிலிருந்து வித்தியாசமாக இருந்திருக்கின்றன. பேய்க்கதை விற்கிறவளே இதையும் சேர்த்துச் சொன்னது பெரிய விஷயம்.

வெளியே வந்து கிரேஃபிரயர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். அங்கேதான் கொஞ்சம் கலாட்டா. மெக்கன்சி என்று ஒரு அரசு வக்கீல், 1691இல் செத்தவர். ராஜா சொன்ன மாதிரி கும்பிட மாட்டோம் என்று நின்ற கோவனன்டர் ஜனங்களை விரட்டி விரட்டித் தண்டித்தவர். 1679இல் சண்டையில் பிடிபட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரை இந்தத் தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் அடைத்து வைத்தார்கள், கூரை இல்லாமல், மாதக்கணக்கில். மிஞ்சியவர்களில் இருநூறு பேருக்கு மேல் அடிமைகளாக விற்கக் கப்பலேற்றி அனுப்ப, அந்தக் கப்பல் உடைந்து பெரும்பாலோர் கடலில் போனார்கள். அந்த வெட்டவெளிக்குப் பக்கத்திலேயே மெக்கன்சிக்குக் கோபுரம் மாதிரி சமாதி. 1990களின் கடைசியில் ஒருவன் உள்ளே புகுந்து கலைத்துவிட்டான், அதிலிருந்து வருகிறவர்களுக்குக் கீறல் விழுகிறது, மயக்கம் வருகிறது என்கிறார்கள். இதே மெக்கன்சி ஆரம்பித்த வக்கீல்கள் நூலகம்தான் பின்னாளில் ஸ்காட்லாந்தின் தேசிய நூலகமாச்சு. மனுசப் பிறவியை எந்தத் தராசில் நிறுக்க, சொல்லு.

கைடு இதைச் சொல்லி முடிக்கவும் எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் சுவரோரமாகச் சரியவும் சரியாக இருந்தது. ஒரே கூச்சல். எனக்குக் கால் தானாகப் போய்விட்டது. படுக்கவைத்து, காலைத் தூக்கி என் பையின் மேல் வைத்து, நாடி பார்த்தேன். மெதுவாக ஓடியது, உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ரெண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்தாள். மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம், ஒன்றரை மணி நேரமாகக் குளிரில் நிற்கிறாள், போதாததற்குப் பயம். பையில் பேத்திக்கு வைத்திருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். மெக்கன்சி ஓடிவிட்டார். கைடுக்குத்தான் ஏமாற்றம், நல்ல சாட்சி கையை விட்டுப் போச்சே என்று!

அந்தத் தோட்டத்தில் இன்னொன்று இருந்தது கனகு. ரெண்டு கல்லறைகளின் மேல் இரும்புக் கூண்டு. கனத்த கம்பி, கோழிக்கூண்டு கவிழ்த்த மாதிரி. பேய் எழுந்து வராமல் இருக்கவா என்று கேட்டால், இல்லை, மேலே இருக்கிறவர்கள் தோண்டி எடுத்துப் போகாமல் இருக்க. அப்போது எடின்பரோதான் மருத்துவப் படிப்புக்குப் பேர்போன ஊர். அறுத்துப் படிக்கச் சட்டப்படி கிடைத்தது பெரும்பாலும் தூக்கில் போட்டவன் உடல்தான், அது எந்த மூலைக்கு? அதனால் புதைத்த ராத்திரியே பிணத்தைத் தோண்டி விற்க ஆள் இருந்தது. கூண்டு வாடகைக்குக் கிடைக்கும். உடல் அழுகி டாக்டர்களுக்கு உதவாது என்று ஆகும்வரை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். காசில்லாதவன் ராத்திரி முழிச்சிருந்து காவல் இருக்க வேண்டியதுதான்.

இதன் பின்னால்தான் பர்க், ஹேர் கதை. இந்த ரெண்டு பேரும் தோண்டவே இல்லை. ஹேரின் விடுதியில் ஒரு கிழவர் 4 பவுண்டு வாடகை பாக்கியோடு நோய்வந்து செத்துப்போனார். பாக்கிக்கு ஈடாக உடலை, உடற்கூறு வகுப்பு நடத்திய டாக்டர் நாக்ஸிடம் விற்றார்கள், 7 பவுண்டு 10 ஷில்லிங். அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டது. 1828இல் மட்டும் 16 பேரைக் குடிக்க வைத்து, மூச்சை அமுக்கிக் கொன்றார்கள், உடம்பில் காயமே தெரியாமல். பெரும்பாலோர் கேட்க ஆளில்லாதவர்கள். கடைசிப் பெண் மார்கரெட் டாகர்ட்டி, மகனைத் தேடி அயர்லாந்திலிருந்து வந்தவள். கடையில் பிச்சை கேட்டு நின்றவளிடம், என் அம்மாவும் டாகர்ட்டி வீட்டுப் பெண்தான் என்று பர்க் உறவு கொண்டாடி வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அன்றைக்கு அக்டோபர் 31. நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே தேதி.

மறுநாள் கட்டிலடி வைக்கோலுக்குள் அவள் உடலைக் கண்டுபிடித்தது அங்கே ஒண்டியிருந்த ஒரு ஏழைத் தம்பதி. வாயை மூடிக்கொண்டால் வாரம் 10 பவுண்டு என்று பர்க்கின் பெண்சாதி பேரம் பேசியிருக்கிறாள். அவர்களுக்குக் கையில் காலணா இல்லை. போலீஸுக்குத்தான் போனார்கள். இவர்கள் பேரில் ஒரு தெருவாவது இருக்குமா என்று கைடிடம் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். ஹேர் சாட்சி சொல்லித் தப்பிவிட்டான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கில் போட்டு, அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழக மியூசியத்தில் நிற்கிறது. வாங்கின டாக்டர் மேல் வழக்கே இல்லை. சந்துப் பிள்ளைகள் மட்டும் பர்க் கசாப்புக்காரன், ஹேர் திருடன், நாக்ஸ் மாட்டுக்கறி வாங்குகிறவன் என்று பாட்டுக் கட்டிப் பாடியிருக்கின்றன.

கைடு கையை வீசி வீசிச் சொல்ல, கூட்டத்தில் யாரோ ஒருவர் 'ஆமா' போட, எனக்கு நம்ம கொடையில் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்ட மாதிரியே ஆகிப்போச்சு. முத்துப்பட்டன் கதையில் பொம்மக்கா, திம்மக்கா வருகிற இடத்தில் உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாளே, நினைவிருக்கா? நம்மூரில் அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு, படையல் வைத்து, வருஷத்துக்கு ஒருதரம் கதையைச் சொல்லி ஆற்றுவோம். இடையன்குடி கால்டுவெல் ஐயர் நம்ம பேய்க் கும்பிடைப் பற்றி எவ்வளவு எழுதினார்! அவர் படித்த கிளாஸ்கோ இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அவர் இனத்துக்காரர்கள் டிக்கெட் போட்டுப் பேய்க்கதை கேட்பதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. நான் குறை சொல்லவில்லை. மார்கரெட் டாகர்ட்டி பேரை ஒரு ராத்திரி முப்பது பேர் கேட்டுப் போகிறார்கள் என்றால் அதுவும் ஒரு படையல்தான். ஆனால் எனக்கு அந்த ராத்திரி உறுத்தியது பேய் இல்லை.

பர்க் கதைக்குப் பிறகு 1832இல் சட்டம் போட்டார்கள். அதோடு திருட்டும் கொலையும் நின்றது. எப்படி நின்றது தெரியுமா? ஏழை விடுதிகளில் செத்து, கேட்க ஆள் வராத உடல்களை மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று. அதாவது எடுக்கிற ஆள்தான் மாறினான், எடுக்கப்பட்டவன் மாறவில்லை. கைடு இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனாள். எனக்குப் போக முடியவில்லை. நம்ம நைட் டியூட்டி முடிகிற நேரத்தில், கால் பெருவிரலில் அட்டை கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் போவார்களே. 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 60.' பல தடவை அந்த அட்டையை எழுதினது நானேதான், கையெழுத்து நல்லா இருக்கும் என்று. நீதான் அவர்களுக்கும் தலைசீவி, கண்ணை மூடிவிட்டு, துணியைச் சரிபண்ணி அனுப்புவாய். நேரமாகுது ஏட்டி என்று நான் கத்துவேன். அப்புறம் அனாட்டமி ஹாலில் அவர்கள் மேல் படித்த பிள்ளைகள்தான் உனக்கு முழங்காலை மாற்றியது, எனக்குக் கண்புரை எடுத்தது. படிப்பு வேண்டாம் என்றா சொல்ல முடியும்? வேண்டும்தான். கொடுக்கிறவன் எப்போதும் கேட்க ஆளில்லாதவனாகவே இருக்கிறானே, அதுதான்.

வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டே செந்திலிடம் சொன்னேன். ஊருக்கு வந்ததும் மெடிக்கல் காலேஜில் உடல் தானப் படிவம் வாங்கி நிரப்பப் போகிறேன் என்று. சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். மருமகள்தான் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறாள். 'அப்போ கொள்ளி வைக்கறது யாருக்கு?' என்கிறான். அவனுக்கு நேரம் கொடுக்கணும், தெரிகிறது. நீயும் திட்டுவாய், அதுவும் தெரிகிறது. நல்லா திட்டிவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் வந்து சேர். அப்புறம், யார் முந்தினாலும் சரி, என்னை அனுப்பும்போது தலைசீவிவிட ஆள் வேண்டும், அதனால் நான்தான் முந்துவேன்.

டிசம்பர் கடைசியில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது. ஷார்ட்பிரெட் என்று ஒரு பிஸ்கட், வெண்ணெய் வழிகிறது, உன் சுகர் எவ்வளவு என்று முதலில் சொல்லு, பிறகு வாங்குகிறேன்.

அன்புடன்,
ராஜம்