நாளெல்லாம் குனிந்திருப்பவருக்குக் குனியவா சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 21 யோகா தினத்தையொட்டி உங்கள் நாளிதழில் வந்த படங்களைப் பார்த்தேன். பெரும்பாலான படங்களில் பிள்ளைகள் குனிந்து நெற்றியால் முழங்காலைத் தொடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் எனும் மோட்டார் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் காலை எட்டரை மணி முதல் குனிந்துதான் கிடக்கிறோம். முன்பக்கம் எங்கள் முதுகு நன்றாகவே வளையும். மற்ற பக்கங்களுக்கு வளைக்கத்தான் ஆசனம் வேண்டும்.

தையல் கூடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண் ஊசியை விட்டு அகலாது. கழுத்து தானாக முன்னால் நீண்டுவிடும். வலது காலை மிதியில் வைத்துக்கொண்டு, அதே முழங்காலால் தகட்டைத் தள்ளினால்தான் மெஷினில் துணியை அழுத்தும் பாதம் மேலே எழும். அதனால் இடுப்பு ஒருபுறமாகச் சாய்ந்தே இருக்கும். தைக்க வேண்டிய துண்டுகளின் கட்டான பண்டில் இடப்பக்கம் இருந்தால் பொழுது சாயும்வரை இடப்பக்கமே திரும்ப வேண்டும். ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. ஒன்றரை ஷிப்டு முடிந்து எழும்போது சட்டென்று நிமிர முடியாது. கேட்டால் ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்பார்கள். வலி மாத்திரையோடும் இடுப்பு பெல்ட்டோடும் கதை முடிந்துவிடும்.

எனக்குக் கை கொடுத்தது யோகாவும் தியானமும் சொல்லித் தரும் எங்கள் பகுதி மனவளக்கலை மன்றத்து வகுப்பு. அதைத் தொடங்கிய வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர்களின் முதுகை அறிந்ததால்தானோ என்னவோ, அவருடைய எளியமுறை உடற்பயிற்சியில் மகராசனம் இருக்கிறது என்பது என் எண்ணம். படுத்தபடி கால்களை ஒரு பக்கமும் தலையை எதிர்ப்பக்கமும் திருப்பும்போது ஈரத் துணியைப் பிழிவதுபோல் முதுகு முறுகும். நான் பண்டில் எடுக்காத வலப்பக்கத்துக்குக் கூடுதலாக ஒருமுறை திரும்புகிறேன்.

அடுத்து, பாம்பு படமெடுப்பதுபோன்ற புஜங்காசனம். குப்புறப் படுத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது சுலபம். ஆனால் அதில் வேலை செய்வது கைதான். உள்ளங்கைகளைச் சும்மா தரையில் வைத்துக்கொண்டு, தொப்புள் தரையை விட்டு எழாமல், முதுகின் பலத்தால் மட்டும் எழ வேண்டும். அப்படிச் செய்தால் தொடக்கத்தில் நான்கு விரல் உயரம் எழுவதே பெரிய காரியம்.

தண்டுவட எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் ஜவ்வுக்குள், வளர்ந்தவர்களுக்கு, ரத்தக் குழாய் ஓடுவதில்லை. அழுந்தியும் விரிந்தும் அசையும்போதுதான் அதற்குள் நீரும் சத்தும் நன்றாகப் போய்வரும். இரவில் அது நீரை இழுத்து உப்பியிருக்கும் என்பதால், பாயை விட்டு எழுந்ததும் ஆழமாகக் குனியக் கூடாது. கொஞ்ச நேரம் நடமாடிய பிறகே ஆசனம். காலுக்கு இறங்கும் வலியோ மரமரப்போ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் புஜங்காசனம் ஆகாது. ஷிப்மென்ட் அவசரத்தில் சில நாள் விட்டுப்போனால் முதுகு மறுபடி இறுகிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் மைதானத்தில் பாய் விரிப்பதால் என்ன ஆகும்?

வகுப்புகளும் விடியற்காலையில்தான் நடக்கின்றன. அது நாங்கள் சோறாக்கும் நேரம்.

ஆகவே கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். காலை டீ இடைவேளையோடு ஐந்து நிமிடம் சேர்த்து மோட்டாரை நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து, இருபுறமும் திரும்பினால் போதும். பாயும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம். தைத்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு ஐந்து நிமிடம் என்பது காசு. அதைத் தொழிலாளி தலையில் கட்டாமல் கம்பெனி கணக்கில் எழுதினால்தான் ஸ்டூலை விட்டு எழுவார்கள்.

இப்படிக்கு,
பவர்டேபிள் டெய்லர் ஒருவர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.