மஞ்சளுக்குள் இருந்த ஈயம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு படிக்கவே கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டுவிட்டார். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் இத்தனை ஒட்டடை இருந்தது இப்போதுதான் தெரிகிறது!

நீ ஓய்வு பெற்றதில் சந்தோஷம். ஆனால் "முப்பது வருஷம் தண்ணீரையும் ரத்தத்தையும் சோதித்து அறிக்கை எழுதினேன், எவன் படித்தான்?" என்று நொந்துகொண்டாயே, அது மனதை உறுத்துகிறது. பதிலுக்கு வங்கதேசத்து மஞ்சள் கதையைச் சொல்கிறேன்.

அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈயம் கூடுதலாக இருந்தது. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை கிடையாது. ஈயம் கலந்த பெட்ரோலும் எப்போதோ நின்றுவிட்டது. பிறகு எங்கிருந்து வந்தது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சித்தும் டாக்காவின் சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தாரும் சேர்ந்து தேடினார்கள். ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது வெவ்வேறு எடையுள்ள ஈய அணுக்கள் கலந்திருக்கும் அளவு, எங்கிருந்து வந்தது என்று காட்டும் கைரேகை மாதிரி, மஞ்சள் கிழங்கு பளபளக்கப் பூசும் ஈய குரோமேட்டோடு ஒத்துப்போனது. பெயின்ட்டில் போடுகிற சாயம் அது! 1980களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கை விற்கத் தொடங்கிய பழக்கம் என்கிறார்கள். பூசியவர்களில் பலருக்கு அது விஷம் என்றே தெரியாது.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. 2019இல் கட்டுரை வெளிவந்ததும் அவர்கள் மூட்டை கட்டவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளைப் பார்த்தார்கள், சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டப்பட்டது, மொத்த வியாபாரிகளிடம் அங்கேயே கருவி வைத்துச் சோதித்து அபராதம் போட்டார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் குறைந்தது.

சரி, எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை, உனக்கே தெரியும். அதே நாட்டில்தான் குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வருகிறது என்று 1970களில் ஊரெங்கும் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். அடிமண்ணில் இயற்கையாக இருந்த ஆர்சனிக் என்ற விஷத்தை யாரும் சோதிக்கவில்லை. 1993இல்தான் அங்கே விஷயம் தெரியவந்தது. பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, குடிக்கக் கூடாததற்குச் சிவப்பும் குடிக்கலாம் என்பதற்குப் பச்சையும் அடித்தார்கள். பெயின்ட் மங்கும், புதுக் கிணறு தோண்டுவார்கள். அதை யார் சோதிப்பது? இதில் இன்னொரு கூத்து. லிட்டர் தண்ணீருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, அந்நாட்டின் வரம்போ 50. எல்லையைத் தாண்டினால் மனித உடம்பு மாறிவிடுமா என்ன?

அதனால் உன் கோபத்தில் பாதி எனக்குச் சம்மதம். அறிக்கை அலமாரியில் தூங்கியது உன் குற்றமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ரத்தம் கொடுத்தார்களே அந்த ஜனங்கள், அவர்களுக்கு முடிவை யாராவது போய்ச் சொன்னீர்களா? நானும் அந்தக் காலத்தில் சொன்னதில்லை. ஊசி குத்தும்போது இருந்த பணிவு, முடிவு வந்தபிறகு எனக்கு இருக்கவில்லை.

அப்புறம், உன் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதே. அடுத்த மாதம் வருகிறேன். எந்தக் கிணறு, எந்த வருஷம், எவ்வளவு என்று உட்கார்ந்து பார்ப்போம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி