நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் நந்தவனத்தைச் சீர்செய்து, அதை ஒட்டிக் கிடந்த தரிசு மணலில் வாசனைத் தோட்டம் போட்டு, ராமேசுவரம் வருகிறவர்களை நம் ஊரிலும் சற்று இறங்க வைப்போம் என்று போன புரட்டாசிக் கூட்டத்தில் பேசினோம். கொட்டகைக் கூரை தவிர அந்த வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு நோட்டு ரசீதுகளோடு கோயில் அறையில் இருக்கிறது, யாரும் எப்போதும் வந்து பார்க்கலாம். நோட்டில் எழுத முடியாததை இங்கே சொல்கிறோம்.

பாம்பன் பாலம் தாண்டி வரும் வண்டிகள் ராமேசுவரம் தீவிலேயே இருக்கும் நம் தங்கச்சிமடம் பக்கம் நிற்பதே இல்லை. 22 தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்து, வந்த வேகத்தில் திரும்பிவிடுகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே நடுகிற நாற்று நம் தீவின் மணலில் வேர்விட்டுக் கட்டுக்கட்டாகப் போகிறது என்பது பூவைத் தலையில் வைப்பவர்களுக்குத் தெரியாது. அப்புறம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் அடுப்பு எரிவதே பாடாகும். அதே மாதங்களில்தான் மல்லி கொட்டிப் பூக்கிறது, பள்ளி விடுமுறையில் வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் கமிட்டியின் ஆசை.

முதலில் கிணறு. தூர்ந்து கிடந்ததை அள்ளி, சரிந்த கல்லை எடுத்துக் கட்டினோம். ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்தால் வேலை சுலபம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பெரியவர்கள் மறுத்தார்கள். நம் தீவில் நல்ல தண்ணீர் என்பது மழையில் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பது. வேகமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடும், ஏறினால் பக்கத்து வீட்டுக் கிணறும் போச்சு. இரண்டு கூட்டம் இதற்கே ஆனது. கடைசியில் மோட்டார் இல்லை, குடத்தால்தான் ஊற்றுவது என்று முடிவாகி, தண்ணீர் ஊற்றுகிற பெண்களுக்கு நாள் கூலி வைத்தோம். பாத்திகளுக்குப் பனையோலை மூடாக்கு போட்ட பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதுமாக இருக்கிறது. இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்த முடிவு இதுதான்.

மல்லி, துளசி, எலுமிச்சைப்புல், வெட்டிவேர் வைத்திருக்கிறோம். மருக்கொழுந்து குளிர்கால மாதங்களுக்கு மட்டும்.

புல்லிலிருந்து எண்ணெய் எடுக்க வாங்கிய கொப்பரை முதல் தடவை ஏமாற்றியது. மூடியில் ஆவி கசிந்தது, எண்ணெயில் தீய்ந்த வாடை. செய்து கொடுத்தவர் திரும்ப வரவில்லை. புல் அடித் தண்ணீரில் கிடந்து வெந்ததுதான் கோளாறு என்று பிறகு புரிந்தது. நம் ஊர் வெல்டரே துளைத்தட்டு ஒன்றை நடுவில் பொருத்தி, மூடியையும் சரிசெய்து கொடுத்தார். இப்போது அறுத்த புல்லை ஒருநாள் வாடவிட்டு ஏற்றுகிறோம், நல்ல எண்ணெய் வருகிறது. வெட்டிவேர் எண்ணெய்க்கு ராப்பகலாக விறகு எரிக்க வேண்டும், அது நமக்குக் கட்டாது. வேரை உலர்த்திக் கட்டாகவும் விசிறியாகவும் விற்பதே சரி.

வந்தவர்களிடம் நாங்களும் கற்றுக்கொண்டோம். தொடக்கத்தில் வேன்கள் பத்து மணிக்கு மேல் வந்தன. மொட்டை விடியும் முன்பே பறித்துவிடுகிறோம், செடியில் விட்டுவைத்த மொட்டும் அந்தியில்தான் விரியும். வெயிலில் நின்று "வாசனையே இல்லையே" என்று அவர்கள் முகம் வாடியபோது எங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வெட்டிவேரின் இலையைக் கசக்கி மோந்தவர்களுக்கும் அதே கதை, மணமெல்லாம் வேரில் அல்லவா! இப்போது விடிகாலைப் பறிப்புக்கும் மாலை பூ விரியும் நேரத்துக்கும் மட்டும் வரச்சொல்கிறோம். ஒரு பாத்தியின் ஓரத்தை வெட்டித் திறந்து வேரைக் காட்டுகிறோம். ஒரு பாட்டி அந்த ஈர மணலைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

பூக்கட்டக் கற்றுக்கொடுப்பது, பனையோலைப் பெட்டி, பதநீர், நாற்றுக்கட்டு எல்லாவற்றின் காசும் செய்தவர் கைக்கே நேராகப் போகிறது, கமிட்டி அதில் கை வைப்பதில்லை. பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இந்தத் தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்காமல் ஓட்டினோம் என்று சில வீடுகளில் சொன்னார்கள். அம்மனுக்கான பூ தனிப் பாத்தியில் இருக்கிறது, அதை வந்தவர்கள் தொடக் கூடாது என்று பலகையும் வைத்தாயிற்று.

கொட்டகைக்குக் கூரை இன்னும் பாக்கி. ஐப்பசி மழைக்கு முன் ஓலை வேய வேண்டும், பனையோலை தர முடிந்தவர்கள் சொல்லுங்கள். வெட்டிவேர் வரும் தை மாதம் தோண்டும் பருவத்துக்கு வரும். அன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் கமிட்டி